பைத்தானுக்குத் தமிழ் ஆவணம்: தொடங்குவது முதல் பேணுவது வரை

எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு மாலை, பக்கத்து வீட்டுப் பையன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். உயர்நிலை மூன்றில் கணினியியல் எடுத்திருந்தான். சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வுக்கான அந்தப் பாடத்தில் பைத்தான்தான் நிரல்மொழி. தமிழில் படித்தால் சுலபமாகப் புரியும் என்று நினைத்து, பல வருடங்களுக்கு முன்பு நான் எழுதிப் பகிர்ந்த குறிப்புகளை வீட்டில் அச்செடுத்துக் கொடுத்திருந்தார்கள். முதல் பக்கத்திலேயே, பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தேன். பைத்தான் 2-இல் அது சரி. 3-இல் பிழை. "அங்கிள், நான் ஏதோ தப்பா டைப் பண்றேன்னு நினைக்கிறேன்" என்றான். அரை மணி நேரமாகத் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. என் குறிப்புகளை யாரும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. பழசாகிப்போன ஆவணம் சும்மா கிடப்பதில்லை. படிக்கிறவரைத் தவறான வழியில் கூட்டிப்போகிறது, அதுவும் தவறு தன்னுடையது என்று அவரையே நம்பவைத்து. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கணக்கில்தான் போகும்: எவ்வளவைப் பேண ஆள் இருக்கிறதோ அவ்வளவு மட்டும் எழுதுவது.

நான் எடுத்துக்கொள்வது பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணங்களைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலையை. சொந்தமாக ஒரு நிரல்மொழி உருவாக்கி அதற்கு ஆவணம் எழுதுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## படி 1: ஆள் கணக்கு

முதலில் பைத்தானின் பங்களிப்பாளர் கையேட்டில் உள்ள மொழிபெயர்ப்புக் குழுக்களின் பட்டியலைப் பாருங்கள். தமிழுக்கு ஒருங்கிணைப்பாளர் யாராவது இருந்தால் அவரோடு சேர்ந்துவிடுங்கள். சிங்கப்பூரில் ஒன்று, சென்னையில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று என மூன்று அரைகுறை மொழிபெயர்ப்புகள் இருந்தால் மாணவர்களுக்குத்தான் குழப்பம்.

இந்த மொழிபெயர்ப்புகளுக்கான விதிகள் 2017-இல் எழுதப்பட்ட பெப் 545 என்ற பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவில் உள்ளன. ஒவ்வொரு மொழிக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர், தனிக் களஞ்சியம் (கோப்புகளையும் அவற்றின் மாற்றங்களையும் சேர்த்துவைக்கும் இடம்), பைத்தான் ஆவணத் தளத்தின் முகவரியிலேயே அந்த மொழிக்கு ஒரு கிளை என்று ஏற்பாடு. மொழிபெயர்க்கிறவர்கள் தங்கள் பங்களிப்பை சிசி ஜீரோ உரிமத்தில் தருகிறார்கள், அதாவது உரிமை எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் உழைத்தபின் தெரிந்துகொண்டு மனம் வருந்துவது நல்லதல்ல.

ஒரு மொழி, தளத்தின் மேலே உள்ள மொழித் தெரிவுப் பட்டியலில் இடம்பெற வேண்டுமானால் மூன்று பகுதிகள் முழுதாக முடிந்திருக்க வேண்டும்: 16 அத்தியாயங்கள் கொண்ட பயிற்சி நூல், உள்ளமைந்த செயற்கூறுகளின் (ஃபங்ஷன்களின்) பக்கம், பிழைகளைத் தெரிவிப்பது பற்றிய பக்கம். இது எனக்கு மிகவும் பிடித்த விதி. பைத்தானோடு வரும் நூலகத் தொகுதிகள் அத்தனையையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. புதிதாக வருகிறவர் உள்ளே நுழைந்து, கொஞ்ச தூரம் நடந்து, தவறு கண்டால் சொல்லத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் கேட்கிறது. உங்கள் முதல் இலக்கும் அதுவாகவே இருக்கட்டும்.

எங்கள் தமிழாக்கக் குழுவில் நாங்கள் நான்கு பேர். சனிக்கிழமை மதியம் விக்டோரியா தெருவில் உள்ள தேசிய நூலகத்தில் இரண்டு மணி நேரம் உட்காருவோம், பிறகு லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் டீ. ஓர் அமர்வில் ஒருவர் 15 பத்திகளுக்கு மேல் முடித்ததாக எனக்கு நினைவில்லை. அதிலும் பாதி நேரம் மற்றவர் எழுதியதைப் படித்துத் திருத்தப் போய்விடும். அப்படித்தான் போக வேண்டும். எழுத இரண்டு பேர் இருந்தால் படித்துத் திருத்தவும் இரண்டு பேர் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். எழுதுகிறவர் ஒருவர் மட்டுமே இருக்கும் இடத்தில் தொடங்க வேண்டாம் என்பேன். என் பழைய குறிப்புகள் அப்படித் தொடங்கியவைதான்.

## படி 2: எந்த வகை ஆவணம்

டானியேலே புரோசிடா என்பவர் ஆவணங்களை நான்கு வகையாகப் பிரித்து, அந்த முறைக்கு டயாடாக்சிஸ் என்று பெயர் வைத்தார். பயிற்சி, செய்முறை, உசாத்துணை, விளக்கம் ஆகியவை அந்த நான்கு. நம் ஊர் பெருவிரைவு ரயிலை வைத்துச் சொன்னால், ஊருக்குப் புதிதாக வந்தவரைக் கையைப் பிடித்து உட்லண்ட்சிலிருந்து தேக்கா வரை கூட்டிப்போவது பயிற்சி. "சாங்கி விமான நிலையத்துக்கு எங்கே மாறணும்?" என்பதற்குப் பதில் செய்முறை. நிலையச் சுவரில் இருக்கும் வரைபடம் உசாத்துணை. அந்தத் தடங்களை ஏன் அப்படிப் போட்டார்கள் என்பது விளக்கம். நான்குக்கும் நடை வேறு. வரைபடத்தில் கதை சொன்னால் யாருக்கும் பொறுமை இருக்காது. கூட்டிப்போகும்போது எல்லா நிலையத்தின் பெயரையும் ஒப்பித்தால் வருகிறவர் களைத்துப்போவார்.

பைத்தானில் இந்தப் பிரிவு ஏறக்குறைய ஏற்கெனவே இருக்கிறது. பயிற்சி நூல் தனி, நூலக உசாத்துணை தனி, மொழி உசாத்துணை தனி, செய்முறைகள் தனி. சொந்த மொழிக்கு எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் சொல்ல முயலும்போதுதான் பின்னால் பேண முடியாமல் போகிறது. மொழியில் ஒரு சிறு மாற்றம் வந்தாலும் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

## படி 3: பட்டறையைத் தயார் செய்வது

பைத்தான் ஆவணங்கள் முன்பு லேடெக் என்ற அச்சுக்கோப்பு முறையில் எழுதப்பட்டவை. கேயார்க் பிராண்டல் எழுதி 2008-இல் வெளிவந்த ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவிக்கு அப்புறம் மாறின. மூலக் கோப்புகள் ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் என்ற எளிய குறியீட்டில் இருக்கின்றன, பைத்தானின் மூல நிரலோடு ஒரே களஞ்சியத்தில். மொழியை மாற்றுகிறவர் அதே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தை ஏற்கக் கோரும் விண்ணப்பத்தில்) ஆவணத்தையும் மாற்ற முடிவது இதனால்தான். சொந்த மொழி உருவாக்குகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது பின்பற்றுங்கள். ஆவணம் வேறு இடத்தில் இருந்தால் ஒரு வருடத்துக்குள் இரண்டும் வேறு வேறு கதை சொல்லும்.

மொழிபெயர்ப்புக்கு, மென்பொருள்களைத் தமிழாக்கவும் பயன்படும் கெட்டெக்ஸ்ட் முறை. ஸ்ஃபிங்க்ஸிடம் கெட்டெக்ஸ்ட் வடிவில் தரச் சொன்னால், ஆவணத்தைப் பத்தி பத்தியாகப் பிரித்து வார்ப்புருக் கோப்புகளாகக் கொடுக்கும். அவற்றிலிருந்து தமிழுக்கான பிஓ கோப்புகளை ஸ்ஃபிங்க்ஸ்-இண்டல் என்ற துணைக் கருவி உருவாக்கும். ஒவ்வொரு பிஓ கோப்பிலும் மூலப் பத்தி ஒரு வரியில், அதற்குக் கீழே தமிழுக்கு ஒரு வெற்றிடம். போஎடிட் போன்ற மென்பொருளில் திறந்தால் இரண்டையும் அருகருகே பார்த்து நிரப்பலாம். நிரலைத் தொட்டே பழகாத ஒரு தமிழாசிரியரும் இதில் வேலை செய்யலாம். எங்கள் குழுவில் மிகக் கூர்மையான திருத்தங்கள் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையிடமிருந்துதான் வருகின்றன.

நிரப்பியபின் ஸ்ஃபிங்க்ஸைத் தமிழில் கட்டச் சொன்னால் உங்கள் கணினியிலேயே முழு ஆவணமும் இணையப் பக்கங்களாக வரும். நிரப்பாத பத்திகள் ஆங்கிலத்திலேயே தெரியும். முதல் நாளே இதை எல்லோருடைய கணினியிலும் ஓடவைத்துவிடுங்கள். ஒருவரிடம் மட்டும் ஓடினால், அவர் விடுப்பில் போகும் வாரம் வேலை நின்றுவிடும்.

## படி 4: சொற்பட்டியல்

மொழிபெயர்ப்பைத் தொடுவதற்கு முன் ஒரு மாதத்தை இதற்கு ஒதுக்குங்கள். மிகை என்று தோன்றும். ஆனால் பின்னால் ஒரு சொல்லை மாற்றுவது என்றால் நூற்றுக்கணக்கான பத்திகளில் வேற்றுமை உருபுகளோடு சேர்த்து மாற்றுவது. "சார்பு" என்பதைச் "செயற்கூறு" ஆக்கினால் சார்பை, சார்பின், சார்புக்கு எல்லாவற்றையும் கையால் தேட வேண்டும்.

ஃபங்ஷன் என்பதற்குத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள். கணக்குப் புத்தகத்தில் சார்பு. தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூலில் செயற்கூறு. தமிழிலேயே நிரல் எழுதும் எழில் நிரல்மொழியில் நிரல்பாகம். எதுவும் தவறில்லை. நாங்கள் செயற்கூறை எடுத்துக்கொண்டோம், பாடநூல் வழியாக அதைக் கற்றவர்கள்தான் அதிகம் என்பதால். மாறி (வேரியபிள்), சரம் (ஸ்டிரிங்), பட்டியல் (லிஸ்ட்) போன்றவற்றில் சண்டையே வரவில்லை. கணினியைக் கணனி என்று எழுதும் இலங்கைத் தமிழர்களுக்கும் நம் ஆவணம் போய்ச் சேர வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். மொழிக் குறியீட்டில் நாட்டைச் சேர்க்காமல் பொதுத் தமிழாகவே வைத்தோம். சிங்கப்பூருக்கு மட்டும் தெரிந்த சொற்களை எடுத்துக்காட்டுகளில் வைத்துக்கொள்ளலாம், கலைச்சொற்களில் வேண்டாம்.

சொல் தேடும் இடங்கள்: தமிழ்நாட்டு அரசின் சொற்குவை, தமிழ் விக்சனரி, பாடநூல்கள், ஏற்கெனவே தமிழாக்கப்பட்ட கட்டற்ற மென்பொருள்கள். மூன்று இடத்தில் ஒரே சொல் இருந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னும் அழகான சொல் தோன்றியிருக்கலாம். இருந்தாலும் படிக்கிறவர் அடுத்த புத்தகத்திலும் அதே சொல்லைப் பார்ப்பதுதான் அவருக்கு நல்லது.

எதைத் தமிழாக்கக் கூடாது என்பதையும் எழுதிவையுங்கள். நிரல்மொழியின் திறவுச்சொற்கள், உள்ளமைந்த பெயர்கள், பிழைச் செய்திகள் அப்படியே இருக்க வேண்டும். மாணவரின் திரையில் பிழைச் செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். அதை அப்படியே காட்டி, கீழே தமிழில் அர்த்தம் சொன்னால் உதவி. செய்தியையே மொழிபெயர்த்துவிட்டால் அவர் திரையில் பார்ப்பதும் பக்கத்தில் இருப்பதும் பொருந்தாது.

ஒரு முறை, எங்களிடம் வந்த ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழக) மாணவர் ஒருவரிடம் நான்காம் அத்தியாயத்தைப் படிக்கக் கொடுத்தோம். "அண்ணே, மடக்குன்னா பேப்பரை மடக்குற மாதிரியா?" என்று கேட்டார். பாடநூல் சொல்தான், ஆனால் அவர் அந்தப் பாடநூலைப் படித்தவர் இல்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒரு கலைச்சொல் முதல் தடவை வரும்போது "லூப் எனப்படும் மடக்கு" என்று இரண்டையும் சேர்த்து எழுதுவோம், அடுத்து மடக்கு மட்டும். தேடுகிறவருக்கும் இது உதவுகிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

பட்டியலை ஒரு சாதாரண விரிதாளில் வையுங்கள். மூலச்சொல், தமிழ்ச்சொல், ஏன் அதைத் தேர்ந்தோம் என்பதற்கு ஒரு வரி, தேர்ந்த தேதி. அந்த "ஏன்" இல்லாவிட்டால் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் அதே விவாதத்தை மறுபடி தொடங்குவார்கள்.

## படி 5: மொழிபெயர்க்கும்போது

ஆங்கில வாக்கியத்தின் முதுகெலும்பைத் தமிழுக்குள் கொண்டுவராதீர்கள். மூலத்தில் ஒரே வாக்கியத்தில் மூன்று நிபந்தனைகள் இருந்தால் தமிழில் மூன்று வாக்கியமாக்குங்கள். வினைச்சொல் கடைசியில் வரும் மொழி நம்முடையது. நீளமான வாக்கியத்தில் படிக்கிறவர் கடைசிச் சொல் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இயந்திர மொழிபெயர்ப்பு பற்றிக் கேட்பார்கள். முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம், ஆனால் அதைத் திருத்துகிறவருக்குப் பைத்தானும் தமிழும் இரண்டும் தெரிய வேண்டும். ஒரு தன்னார்வலர் அனுப்பிய வரைவில் சரம் "கயிறு" ஆகியிருந்தது, பைத்தான் "மலைப்பாம்பு" ஆகியிருந்தது. இவை கண்ணில் படும் தவறுகள், பரவாயில்லை. "இருக்கக்கூடாது" என்பதற்கும் "இருக்கவேண்டியதில்லை" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தலைகீழாக்கிவிட்டு, வாக்கியம் மட்டும் சரளமாக ஓடும்போதுதான் ஆபத்து. உசாத்துணையில் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒருவர் நிரல் எழுதுவார்.

இனி தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட்டில் ஒரு நிரற்சொல்லை இரண்டு பக்கமும் பேக்டிக் குறி (`) போட்டுக் காட்டுவோம். மூடும் குறிக்குப் பின் வெற்றிடமோ நிறுத்தக்குறியோ வர வேண்டும் என்பது விதி. ஆங்கிலத்துக்கு அது இயல்பு. தமிழில் நாம் அந்தச் சொல்லோடு ஐ, இல், உக்கு என்று ஒட்டி எழுதுவோம். ஒட்டினால் குறியீடு உடைந்து, பக்கத்தில் பேக்டிக்குகள் அப்படியே தெரியும், இணைப்பும் வேலை செய்யாது. இரண்டு வழி உண்டு. நடுவில் சிறுகோடு போடலாம், விதி அதை அனுமதிக்கிறது. அல்லது மூடும் குறிக்குப் பின் ஒரு பின்சாய்கோடும் ஒரு வெற்றிடமும் இடலாம். கட்டும்போது அவை இரண்டும் மறைந்து உருபு ஒட்டிக்கொள்ளும். பிஓ கோப்புக்குள் பின்சாய்கோட்டை இரட்டிப்பாக எழுத வேண்டும், போஎடிட் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். நாங்கள் சிறுகோட்டையே தேர்ந்தோம். கண்ணுக்கும் தெளிவு, புதியவர்களுக்கும் மறக்காது. எதைத் தேர்ந்தாலும் ஆவணம் முழுக்க ஒன்றாக இருக்கட்டும்.

எடுத்துக்காட்டுகளில் வரும் சாதாரணச் சொற்களை நம் வாழ்க்கையிலிருந்து எடுக்கலாமா என்றால், கருத்துரைகளில் எடுக்கலாம், நிரலின் போக்கு மாறாதவரை. மூலத்தில் பழங்களின் பட்டியல் இருந்தால் அதன் வெளியீட்டு வரியும் அடுத்த மூன்று பத்திகளும் அதையே நம்பியிருக்கும். ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் எடுத்துக்காட்டு பொய்யாகிவிடும்.

## படி 6: எழுத்தும் தேடலும்

இணையத்தில் தமிழ் எழுத்து என்பதற்குச் சிங்கப்பூரில் நீண்ட வரலாறு உண்டு. தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமி கணியன் என்ற தமிழ்க் கணிமை முறையை உருவாக்கி, 1995-இலேயே தமிழை வலைப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1997-இல் தமிழ் இணைய மாநாடு இங்கே நடந்தது, 2000-இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் இங்கேதான் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம் என்று இருந்த காலத்தில் அவர்கள் போராடியது, ஓர் இடத்தில் எழுதியது இன்னோர் இடத்திலும் அப்படியே தெரிய வேண்டும் என்பதற்காக. யூனிகோடு வந்தபின் அது பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் ஆவணம் கட்டுகிறவர்களுக்குச் சில பள்ளங்கள் மிச்சம் இருக்கின்றன.

முதலாவது, பைத்தானில் ஒரு சரத்தின் நீளத்தைக் கேட்டால் யூனிகோடு குறிகளின் எண்ணிக்கைதான் வரும். "சிங்கப்பூர்" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, பைத்தான் 11 என்று சொல்லும். "தமிழ்" மூன்று எழுத்து, வருவது 5. ஆங்கில மூலத்தில் இந்தக் கேள்வியே எழாது. தமிழ் வாசகர் முதல் நாளே இதைச் செய்து பார்ப்பார். குழுவின் தனிக் குறிப்புப் பக்கத்தில் இதற்கு விளக்கம் வையுங்கள், மூலப் பத்திக்குள் செருக வேண்டாம்.

இரண்டாவது, "கொ" என்பதில் உள்ள குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. அதேபோல ஔ என்ற உயிரெழுத்தும், ஒ-வும் ள-வும் சேர்த்துத் தட்டியதும். எ என்ற எழுத்தும் ௭ என்ற தமிழ் இலக்கமும். வெவ்வேறு விசைப்பலகையில் தட்டுகிற நான்கு பேர் குழுவில் இவை நிச்சயம் கலக்கும். கோப்புகளை ஏற்கும்முன், பிரித்து எழுதிய குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு இயல்பாக்கும் ஒரு சிறு நிரலை ஓடவிடுங்கள். கொம்பு, கால் பிரச்சினை அதோடு தீரும். மற்ற இரண்டையும் தனியாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்றாவது தேடல், இதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. பைத்தானின் ரெகெக்ஸ் என்ற உரைத் தேடல் குறிமுறையில் சொல்லெழுத்து என்பதற்கான குறி, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்வதில்லை. அதை வைத்துப் பிரித்தால் "தமிழ்" என்பது "தம", "ழ" என இரண்டாக உடையும். "பட்டியல்" மூன்றாக உடையும். ஸ்ஃபிங்க்ஸின் தேடல் அட்டவணை இப்படித்தான் சொற்களைப் பிரிக்கிறது. தமிழுக்கான வேர்ச்சொல் பிரிப்பும் அதில் இல்லை. இதற்குமேல் நம் மொழியின் இயல்பும் சேர்கிறது: எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எந்தத் தேடலிலும் "பட்டியல்" என்று தட்டினால் "பட்டியலில்" கிடைக்காது, ஏனென்றால் ல் வேறு, லி வேறு.

இதை முழுதாகச் சரிசெய்யும் வரை எங்களுக்குக் கைகொடுப்பவை இரண்டு. ஒன்று, முன்பு சொன்னபடி முதல் தடவை இரண்டு சொல்லையும் தருவது. இன்னொன்று, உருபு ஏறாத தலைச்சொற்களோடு ஒரு கலைச்சொல் பக்கம் வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் உரிய அத்தியாயத்துக்கு இணைப்புத் தருவது. மாணவர்கள் தேடல் பெட்டியைவிட அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

பிடிஎஃப் வேண்டுமென்றால் ஸ்ஃபிங்க்ஸின் வழக்கமான லேடெக் இயந்திரத்தைவிட்டு ஸீலேடெக்குக்கு மாறி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கொடுங்கள். வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், நம் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும்.

## படி 7: சோதனை

ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் ஆவணம் தானாகக் கட்டப்பட வேண்டும், எச்சரிக்கை வந்தால் நிற்க வேண்டும். மூலப் பத்தியில் இருந்த இணைப்பு தமிழில் விடுபட்டால் ஸ்ஃபிங்க்ஸ் எச்சரிக்கும். இணைப்புகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கவும் அதில் தனி வழி உண்டு, அதை மாதம் ஒரு முறை ஓட்டினால் போதும்.

எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்ப்பதற்கு டாக்டெஸ்ட் என்ற பைத்தான் கருவி. ஆவணத்தில் இருக்கும் நிரலை இயக்கி, கீழே எழுதியிருக்கும் வெளியீடு உண்மையில் வருகிறதா என்று ஒப்பிடும். ரஸ்ட் மொழியில் ஆவணக் கருத்துரைக்குள் இருக்கும் எடுத்துக்காட்டுகள் மற்ற சோதனைகளோடு சேர்ந்தே ஓடும். கோ மொழியிலும் எடுத்துக்காட்டுச் செயற்கூறின் வெளியீட்டைச் சோதனை சரிபார்க்கும். சொந்த மொழி உருவாக்குகிறவர்கள் இதைப் பத்தாவது வேலையாகத் தள்ளிப்போடாதீர்கள். என் பழைய குறிப்புகளுக்கு இந்த ஒரு சோதனை இருந்திருந்தால், பைத்தான் 3-க்கு மாறிய அன்றே எனக்குச் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும்.

இயந்திரம் பார்க்க முடியாததை மனிதர் பார்க்க வேண்டும். அத்தியாயம் முடிந்ததும், அதை இதுவரை படிக்காத ஒருவரை உட்காரவைத்து, சத்தமாகப் படித்துக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே நிற்கிறார், எந்த வரியைத் திரும்பப் படிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மடக்கு பற்றிய கேள்வி அப்படித்தான் கிடைத்தது.

## படி 8: பேணுவது

இங்கிருந்துதான் உண்மையான வேலை. பைத்தான் வருடத்துக்கு ஒரு பதிப்பு, அக்டோபரில் வருகிறது. மே மாதத்தில் முதலாவது பீட்டா (சோதனைப் பதிப்பு), அதற்குப்பின் புதிய வசதிகள் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே ஆண்டுக் கணக்கை மே மாதத்தில் தொடங்குங்கள். பீட்டா வந்ததும் புதிய பதிப்பின் கிளைக்கு மூலப் பத்திகளை மறுபடி எடுத்து, பழைய தமிழோடு இணையுங்கள். சிங்கப்பூரில் இது வசதியாக அமைகிறது, ஏனென்றால் அடுத்து வருவது ஜூன் பள்ளி விடுமுறை, மாணவர்களும் ஆசிரியர்களும் கையில் கிடைப்பார்கள். அக்டோபரில் வேலையை வைத்துக்கொண்டால் தேர்வும் தீபாவளியும் குறுக்கே வந்து நிற்கும்.

இணைக்கும்போது மூலம் மாறிய பத்திகளைக் கருவி ஃபஸ்ஸி (உறுதியில்லை) என்று குறிக்கும். பழைய தமிழ் அங்கேயே இருக்கும், ஆனால் கட்டும்போது பயன்படாது, ஆங்கிலம் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைப் பார்த்துப் பதறி, ஃபஸ்ஸி குறியை மட்டும் நீக்கிவிட ஆசைப்படுவார்கள். ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். மாறியது ஒரு காற்புள்ளியாக இருக்கலாம், ஒரு "இல்லை"-யாகவும் இருக்கலாம். பழைய தமிழைவிடப் புதிய ஆங்கிலம் வாசகருக்குப் பாதுகாப்பு. தமிழாக்கம் முடிந்த விகிதம் 100 சதவீதத்திலிருந்து 93-க்கு இறங்குவதில் வெட்கமில்லை.

பிஎச்பி என்ற நிரல்மொழியின் கையேட்டை மொழிபெயர்ப்பவர்களிடமிருந்தும் ஒன்று கற்கலாம். அவர்கள் ஒவ்வொரு கோப்பின் தலையிலும், ஆங்கில மூலத்தின் எந்தத் திருத்தத்தைப் பார்த்து மொழிபெயர்த்தோம் என்ற அடையாளத்தை எழுதிவைக்கிறார்கள். எந்தக் கோப்பு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று அதை வைத்தே கணக்கிடலாம். கெட்டெக்ஸ்ட் இல்லாமல் முழுக் கோப்புகளாக மொழிபெயர்க்கும் எந்தக் குழுவுக்கும் இந்த முறை ஏற்றது. சொந்த மொழிக்கு எழுதுகிறவர்கள் எந்தப் பதிப்பில் சேர்ந்தது, எதில் மாறியது, எது கைவிடப்படவிருக்கிறது என்பதை ஒவ்வொரு வசதிக்கும் அருகிலேயே குறியுங்கள். ஸ்ஃபிங்க்ஸில் அதற்கென்றே குறியீடுகள் உள்ளன.

தவறு கண்டவர் சொல்வதற்கான வழி ஒவ்வொரு பக்கத்தின் கீழும் இருக்கட்டும், தமிழில் எழுதலாம் என்ற வரியோடு. களஞ்சியம் இருக்கும் கிட்ஹப் தளத்தில் கணக்கு இல்லாதவர்களுக்காக ஒரு மின்னஞ்சல் முகவரியும் வைத்திருக்கிறோம். வந்ததற்கு ஒரு வாரத்துக்குள் பதில் போட்டுவிடுங்கள், திருத்த நேரமாகும் என்றாலும். முதல் தடவை பதில் கிடைக்காதவர் இரண்டாம் தடவை எழுதுவதில்லை.

கடைசியாக, கைமாற்றம். களஞ்சியத்தின் நிர்வாக உரிமை, மின்னஞ்சல் கடவுச்சொல், சொற்பட்டியல் விரிதாள் ஆகியவை குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். வேலை மாறும், குழந்தை பிறக்கும், ஊர் மாறுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதம், தமிழ்மொழி விழா நடக்கும் சமயத்தில், நாங்கள் நால்வரும் ஒரே கேள்வியை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம்: அடுத்த வருடமும் நீ இருப்பாயா? இல்லை என்பவர் அப்போதே தனக்குப் பதில் ஓர் ஆளைத் தேடத் தொடங்குவார். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு பகுதியை விட்டுவிடுவோம், அந்தப் பக்கங்கள் ஆங்கிலத்திலேயே தெரியட்டும் என்று.

என் பழைய குறிப்புகளை அந்த மாலையே இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். அந்த முகவரிக்கு வருகிறவர்களுக்கு இப்போது இரண்டு வரிதான் தெரியும். இந்தக் குறிப்புகள் பைத்தான் 2-க்கு எழுதப்பட்டவை, இனி பயன்படாது என்பது ஒன்று. அதிகாரபூர்வ பயிற்சி நூலுக்கான இணைப்பு மற்றொன்று.